இணையப் பெயரின் உறுதி யார் கையில்?

ஓர் இணையத்தளத்தின் பெயரை ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொரு பதிவாளருக்கு மாற்றுவது, விதிகளின்படி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிட வேண்டிய காரியம். பெயரின் மீதுள்ள பூட்டைத் திறக்க வேண்டும். இரகசியக் குறியீடு ஒன்றைப் பெற வேண்டும். புதிய பதிவாளரிடம் அதைக் கொடுத்து ஒரு வருடக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். பழைய பதிவாளர் ஐந்து நாட்கள் வாயைத் திறவாமல் இருந்தாலே பெயர் மாறிவிடும். ஆயினும், எமது ஊர்ச் சங்கங்கள், கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள், சிறு பத்திரிகைகள் ஆகியவற்றில் இந்த ஒரு வாரக் காரியத்தை ஒரு வருடமாக இழுத்துக்கொண்டிருப்போரையும், ஈற்றில் அலுத்துப்போய்ப் பழைய பெயரையே கைவிட்டுப் புதுப் பெயருக்குக் குடிபோனோரையும் தொடர்ந்து சந்தித்து வருகிறேன். இது ஏதோ கணனித் தொழில்நுட்பச் சிக்கல் என்று சொல்லி அவர்களை நம்பவைத்திருக்கிறார்கள். காணி வழக்கிலும் வேலிக் கதியாலிலும் தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன எமது சமூகத்துக்கு இதை அடையாளங் காண முடியாமற் போனதுதான் வியப்பு. ஏனெனில் இது அச்சொட்டாக ஒரு காணிப் பிணக்கு.

எப்படியென்று சொல்கிறேன். டொட் கொம் என்று முடியும் எல்லாப் பெயர்களுக்கும் உலகில் ஒரேயொரு தோம்பு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்ட காணித் தோம்பு போன்றது அது. அதை வைத்திருப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். நாம் நேரே அதனிடம் போய்ப் பெயர் எழுதுவிக்க முடியாது. ஐகான் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பதிவாளர் ஒருவரூடாகவே போக வேண்டும். அவரை நொத்தாரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவாளருக்குக் கீழே மறுவிற்பனையாளர் இருக்கலாம். அவருக்குங் கீழே, தளத்தை வடிவமைத்துத் தருகிற தம்பி. சங்கத்தின் செயலாளர் தம்பியிடம் காசைக் கொடுத்து, "நல்ல பெயராக ஒன்று எடுத்து விடும்" என்கிறார். தம்பி எடுத்துவிடுகிறார். தோம்பில் எவருடைய பெயர் ஏறியது என்று எவரும் கேட்பதில்லை. இரண்டு பரப்புக் காணி வாங்குவதென்றால் உறுதியை மூன்று அப்புக்காத்துமாரிடம் காட்டுகிற மனிதர்கள், தமது சங்கத்தின் உலக முகவரியை வாங்கும்போது ஒரு பற்றுச்சீட்டைக்கூடக் கேட்டு வாங்குவதில்லை.

இப்பிணக்கில் இரண்டு தரப்பினர் மீது எனக்குக் கோபம் உண்டு. முதலாவது தரப்பு பதிவாளர்கள்.

பெயரை மாற்றும் உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1993 முதல் கொம், நெற், ஓர்க் பெயர்களைப் பதியும் பணி நெற்வேர்க் சொலூஷன்ஸ் என்ற ஒரேயொரு நிறுவனத்திடம் இருந்தது. 1995 வரை பெயர் இலவசம்; அவ்வாண்டு இரண்டு வருடங்களுக்கு 100 டொலர் என்று கட்டணம் வைத்தார்கள். போவதற்கு வேறு கடை கிடையாது. 1998இல் ஐகான் தோன்றி, 1999இல் பரீட்சார்த்தமாக ஐந்து பதிவாளர்களை உள்ளே விட்ட பிறகுதான் போட்டி வந்தது, விலையும் விழுந்தது. ஆனால் கடைகள் பல இருந்தால் மட்டும் போதாது. இருக்கிற கடையை விட்டு வெளியேறவும் முடியவேண்டும். அங்கேதான் குளறுபடி தொடங்கியது. வாடிக்கையாளர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை, ஆகவே மாற்றத்தை மறுக்கிறோம் என்று பெரிய பதிவாளர்கள் சிலர் சாக்குச் சொல்லத் தொடங்கினார்கள். மௌனம் மறுப்பாயிற்று. 2004 நவெம்பர் 12ஆந் திகதி நடைமுறைக்கு வந்த மாற்றக் கொள்கை அதைத் தலைகீழாக்கியது. அன்று முதல் மௌனம் சம்மதம்.

இரண்டு மாதங்கூட ஆகவில்லை. 2005 ஜனவரி நடுப்பகுதியில், ஒரு வார இறுதியில், நியூ யோர்க்கின் மிகப் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்றான பனிக்ஸின் பெயர் களவு போயிற்று. பெயர் அவுஸ்திரேலியப் பதிவாளரான மெல்பேர்ன் ஐரிக்கு மாற்றப்பட்டு, வாடிக்கையாளரின் மின்னஞ்சலெல்லாம் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. சனி, ஞாயிறு என்பதால் தொலைபேசியை எடுக்கவே ஆளில்லை. அவுஸ்திரேலியாவில் திங்கட்கிழமை விடிந்த பிறகுதான் பெயர் திரும்பியது. பெயரை ஏற்றுக்கொண்ட பக்கத்தில், மறுவிற்பனையாளர் மட்டத்தில், செய்யவேண்டிய சரிபார்ப்புச் செய்யப்படவில்லை என்பது பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்தக் களவை நான் சிறிதுபடுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். வாங்குகிற பக்கத்தின் கவலையீனத்தால் நடந்த களவைக் காட்டி, விடுகிற பக்கத்தில் பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டார்கள். பதிந்தவுடன் பூட்டு, மாற்றியவுடன் 60 நாள் பூட்டு. 2016 டிசெம்பர் முதல் இன்னொன்று: பெயரின் உரிமையாளர் விபரத்தைத் திருத்தினால் அதற்கும் 60 நாள் பூட்டு, முன்கூட்டியே வேண்டாமென்று சொல்ல உங்கள் பதிவாளர் வாய்ப்புத் தந்திருந்தாலன்றி. இந்தக் கடைசிப் பூட்டில்தான் எம்மவர் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய செயலாளர் இறந்துவிட்டார் அல்லது கனடாவுக்குப் போய்விட்டார். புதியவர் பொறுப்பேற்றதும், நல்ல பிள்ளையாக, முதல் வேலையாகப் பெயரையும் மின்னஞ்சலையும் திருத்துகிறார். அதற்குப் பிறகு மாற்றம் கேட்கிறார். இரண்டு மாதம் பொறு என்று பதில் வருகிறது. அந்த இரண்டு மாதத்துக்குள் பெயரின் தவணை முடிகிறது. பழைய கடையில் பழைய விலையைக் கட்டியே ஆகவேண்டும். பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டின் சாவி எப்போதும் கடைக்காரனின் இடுப்பிலேயே தொங்குவது தற்செயலா? 2021இல் தொடங்கிய கொள்கை மீளாய்வு இந்த 60 நாட்களை 30ஆகக் குறைக்கவும், உரிமையாளர் விபரத் திருத்தத்துக்கான பூட்டை நீக்கவும் பரிந்துரைத்திருக்கிறது. இவ்வளவு காலம் அந்தப் பூட்டு அவசியம், அவசியம் என்று வாதாடியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு டொட் கொம் பெயருக்குப் பதிவாளர் வெரிசைனுக்குக் கட்டுகிற மொத்த விலை எல்லாப் பதிவாளருக்கும் ஒன்றுதான். ஒரு காலத்தில் 6 டொலர்; 2024 செப்டெம்பரில் அது 10.26 டொலராயிற்று. அதற்கு மேல் எவ்வளவு என்பது ஒவ்வொரு கடையின் மனச்சாட்சியைப் பொறுத்தது. முதல் வருடம் ஒன்றிரண்டு டொலருக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் தரும காரியம் செய்யவில்லை. இரண்டாம், மூன்றாம் வருடங்களில் உங்களுக்கு எழும்பிப் போகச் சோம்பல் வரும் என்பதே அவர்களுடைய கணக்கு. மாற்றம் செய்யும்போது கட்டுகிற காசு வீணாவதுமில்லை. கொம், நெற், ஓர்க் பெயர்களுக்கு அது தவணையில் ஒரு வருடத்தைக் கூட்டுகிறது, மொத்தம் பத்து வருடத்தைத் தாண்டாத வரையில். இதை எந்தக் கடை தன் முகப்பில் எழுதி வைத்திருக்கிறது?

தாமாகவே மாற்ற வரும் தபால்களும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பெயர் வைத்திருந்த பலருக்கு, 'உங்கள் பெயரின் தவணை முடிகிறது, உடனே காசனுப்புக' என்று அரசாங்கக் கடிதம் போன்ற தோற்றத்தில் தாள்கள் வந்தன. டொமெய்ன் றெஜிஸ்ற்றி ஒவ் அமெரிக்கா என்பது அனுப்பியவரின் பெயர். காசனுப்பியவர் தவணையைப் புதுப்பிக்கவில்லை. தம்மையறியாமலே பெயரை வேறு கடைக்குக் கூடிய விலைக்கு மாற்றினார். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2003இல் அந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. எழும்பிப் போக விரும்புகிறவனைப் போகவிடாமற் பிடிப்பதும், போக விரும்பாதவனை ஏமாற்றிக் கூட்டிச் செல்வதும் ஒரே வியாபாரத்தின் இரண்டு கைகள்.

இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்ய ஐகான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2007இல் ரெஜிஸ்டர்பிளை என்ற பதிவாளர் கவிழ்ந்தபோதும் இருந்தது. பங்காளிகளுக்குள் சண்டை வந்து விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிற்று. கட்டணம் வாங்கிய பெயர்களின் தவணை புதுப்பிக்கப்படாமல் போனது. வெளியேறுவதற்கான குறியீட்டைக் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. அவ்வாண்டு மார்ச்சில் ஐகான் அதன் அங்கீகாரத்தை நீக்கும் அறிவித்தலை விடுத்தது. மே மாத இறுதியில் பெயர்களெல்லாம் கோடடி நிறுவனத்தின் கைக்கு மாறின. எட்டரை இலட்சம் பெயர்கள் என்று அப்போது சொன்னார்கள். இதில் என்னை உலுக்கியது ஒரு சிறிய விடயம். பதிவாளர் ஒவ்வொருவரும் தமது வாடிக்கையாளரின் பதிவு விபரங்களின் பிரதியை வேறோரிடத்தில் வைப்பிலிட வேண்டும் என்ற கட்டளை ஐகானுடனான ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் ஏற்பாடுதான் இருக்கவில்லை! கவிழ்ந்த பிறகு, அவ்வாண்டின் இறுதிப் பகுதியில்தான் அதற்கு ஒழுங்கு செய்தார்கள். எமது நாட்டு நிர்வாகத்தைப் பார்த்துப் பழகிய எனக்கே இது சற்று அதிகமாகப்பட்டது.

இனி இரண்டாவது தரப்பு. இதைப் பற்றி எழுதினால் நட்புகள் முறியும் என்று தெரியும். பரவாயில்லை.

புலம்பெயர்ந்த நாடொன்றிலிருந்து வந்துகொண்டிருந்த வாரப் பத்திரிகை ஒன்றில் சில காலம் பத்தி எழுதினேன். பத்திரிகையின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. தளத்தை நடத்திவந்த இளைஞருக்கும் நிர்வாகத்துக்கும் சேவர் வாடகை பற்றிக் கொழுவல் வந்தது. மூன்று மாத வாடகை பாக்கி என்றார் அவர். கட்டியாயிற்று என்றார்கள் இவர்கள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அது இங்கு தேவையுமில்லை. தளத்தை வேறு சேவருக்கு மாற்ற நிர்வாகம் முயன்றபோதுதான், பெயர் ஆதியிலிருந்தே அந்த இளைஞரின் சொந்தப் பேரில், அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருப்பது தெரியவந்தது. "பாக்கியைக் கட்டுங்கோ அண்ணை, பெயரைத் தாறன்" என்றார். ஆசிரியர் மானஸ்தர், கட்ட மறுத்தார். பத்திரிகை புதுப் பெயரொன்றில் சில காலம் தள்ளாடி நின்றுபோனது. பழைய பெயரின் தவணையை எவரும் புதுப்பிக்கவில்லை. இன்று அந்தப் பெயரைத் தட்டினால் சூதாட்டப் பக்கம் ஒன்று திறக்கிறது. அந்தப் பத்திரிகையின் செய்திகளை ஆதாரங் காட்டி எழுதப்பட்ட கட்டுரைகளின் அடிக்குறிப்புகள் யாவும் இப்போது சூதாட்டத்துக்கே வழிகாட்டுகின்றன. அவற்றுள் போர்க்காலத்தில், பெயர் வெளியிட முடியாத செய்தியாளர்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு அனுப்பிய செய்திகளும் உண்டு.

வாடகைப் பாக்கி வேறு, பெயர் வேறு. ஐகானின் கொள்கையில் பதிவாளர் எக்காரணங்களுக்காக மாற்றத்தை மறுக்கலாம் என்று எழுதியிருக்கிறது: மோசடிக்கு ஆதாரம் இருந்தால், கேட்பவர் யார் என்பதில் நியாயமான பிணக்கு இருந்தால், கழிந்துபோன தவணைக்கான பதிவுக் கட்டணம் கட்டப்படாதிருந்தால், உரிமையாளரே எழுத்தில் ஆட்சேபித்தால். வரப்போகும் தவணைக்குக் காசு கட்டவில்லை என்று மறுக்க முடியாது. பதிவாளருக்கும் அவருடைய மறுவிற்பனையாளருக்கும் இடையிலுள்ள கொடுக்கல் வாங்கலைக் காட்டியும் மறுக்க முடியாது. சேவர் வாடகை அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. உரிமையாளர் கேட்டு ஐந்து நாட்களுக்குள் குறியீட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பது கட்டளை.

ஆனால் இவ்வளவு பாதுகாப்பும் 'உரிமையாளர்' என்ற சொல்லைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. தோம்பில் தம்பியின் பெயர் இருந்தால் தம்பியே உரிமையாளர். அப்போது ஐகான் காப்பாற்றுவது தம்பியைத்தான். பிணக்குத் தீர்க்கும் நடைமுறை ஒன்று 1999 முதல் உண்டு. ஆனால் அது வர்த்தகக் குறி உள்ளவர்களுக்கானது. உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போனால் ஒற்றை நடுவர் முன்னிலையில் ஒரு பெயருக்கு 1,500 டொலர் கட்டணம். புங்குடுதீவிலோ கரவெட்டியிலோ உள்ள வாசிகசாலையின் பெயருக்கு வர்த்தகக் குறி எங்கே, 1,500 டொலர் எங்கே?

இங்கே ஒரு மறுப்பு எழும். எழவும் வேண்டும். அந்தக் காலத்தில் இந்தத் தளங்களை எழுப்பியவர்கள் யார்? ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இரவு வேலை முடித்து வந்து, நித்திரை கொள்ளவேண்டிய நேரத்தில் கணனிக்கு முன்னே குந்தியிருந்த இளைஞர்கள். யூனிகோட் பரவுமுன்பு ஒவ்வொரு எழுத்துருவோடும் மல்லுக்கட்டியவர்கள். பெயருக்குரிய காசைத் தமது கடனட்டையிலிருந்தே வருடா வருடம் கட்டியவர்களும் அவர்களுள் பலர். சங்கத்துக்கு வங்கிக் கணக்கே இல்லாத நாட்களில் வேறு எவருடைய பேரில் எடுப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளைகளுக்கு எமது சமூகம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பதும் உண்மை. கட்டிய காசைத் திருப்பிக் கொடுங்கள், வட்டியோடு கொடுங்கள், ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துங்கள். ஆனால் கோயில் காணியைத் தன் பேரில் வாங்கி வைத்தவர், அப்போது பரிபாலன சபை பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை என்று சொல்லிக் காணியை மகளுக்குச் சீதனமாக எழுத முடியுமா? அற்றோர்ணித் தத்துவம் வைத்திருப்பவன் காணிச் சொந்தக்காரன் அல்லன். வெளிநாடு போனபோது ஊர்க்காணியை உறவினர் கையில் தத்துவமெழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தவர்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சங்கம் இரண்டாகப் பிளக்கும்போது நிலைமை இன்னும் கேவலம். எமது சங்கங்கள் பிளப்பதில் வல்லவை. ஒரு பகுதி வங்கிக் கணக்கையும் இறப்பர் முத்திரையையும் கொண்டுபோகும். மற்றப் பகுதி கடவுச்சொல்லைக் கொண்டுபோகும். பழைய நிழற்படங்கள், மலர்கள், மரண அறிவித்தல்கள், முப்பது வருட ஊர்ச் செய்தி எல்லாம் ஒரு மனிதரின் சட்டைப் பையில். அவருக்குக் கோபம் வந்தால் ஊருக்கு முகவரி இல்லை.

பெயர் ஏற்கெனவே இன்னொருவர் கையிற் போய்விட்டது என்று ஒதுங்கிவிடுவோருக்கு ஒரு வழக்கை நினைவுபடுத்துகிறேன். வழக்கின் நடுநாயகமான பெயரை இங்கே எழுதக் கூசுகிறது. ஆங்கிலத்தில் பாலுறவைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லோடு டொட் கொம். 1994இல் அதைப் பதிந்தவர் கரி கிரெமென். 1995இல் ஸ்டீபன் கோஹென் என்பவர் பதிவாளருக்கு ஒரு கள்ளக் கடிதம் அனுப்பி அதைத் தன் பேருக்கு மாற்றினார். கள்ள உறுதி முடித்தல் என்று நாம் சொல்வோம். வழக்காடி 2000 நவெம்பரில் கிரெமென் பெயரை மீட்டார். அடுத்த வருடம் 65 மில்லியன் டொலர் நட்டஈடு தீர்ப்பாயிற்று. அதைவிட முக்கியமானது 2003இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: இணையப் பெயர் ஓர் ஆதனம், உரிமையாளரைக் கேளாமல் அதைக் கைமாற்றிக் கொடுத்த பதிவாளரும் பொறுப்புக் கூறவேண்டியவரே. ஆதனம் என்று உயர் நீதிமன்றமொன்று சொன்ன பொருளைத்தான் எமது செயலாளர்கள் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதாமல் வைத்திருக்கிறார்கள்.

'பெயர் போனாற் போகட்டும், முகநூல் இருக்கிறதே' என்பது இப்போது அடிக்கடி கேட்கும் ஆறுதல். 1990களின் பிற்பகுதியில் ஜியோசிற்றிஸ் இருக்கிறதே என்றார்கள். 2009 ஒக்ரோபரில் யாகூ அதை இழுத்து மூடியபோது, அங்கே குடியிருந்தவர்களின் முகவரியும் கூடவே மறைந்தது. சொந்தப் பெயர் வைத்திருந்தவன் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு வேறு சேவருக்குப் போனான். அவனுடைய வாசகர்களுக்கு வீடு மாறியதே தெரியாது. இணையத்தில் நாம் காவிச்செல்லக் கூடிய ஒரே பொருள் பெயர்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் ஈழத்து நூல்கள், எழுத்தாளர்கள் பற்றிய கட்டுரைகளின் அடியைப் பாருங்கள். எத்தனையோ இணைப்புகள் 2005இல் தொடங்கிய நூலகம் தளத்துக்கே செல்கின்றன. அந்த ஒரு பெயர் நிலைத்திருப்பதில் எத்தனை பேருடைய உழைப்புத் தங்கியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தடை வேறு, இழப்பு வேறு என்பதையும் பிரித்தறிய வேண்டும். 2007 ஜூனில் இலங்கையின் இணையச் சேவை நிறுவனங்கள் தமிழ்நெற் தளத்தைத் தடுத்தன. கொழும்பிலிருந்தவர்களால் நேரே திறக்க முடியவில்லை. ஆனால் பெயர் அவர்களிடமே இருந்ததால் உலகம் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. அரசொன்று போட்ட தடையைத் தாண்டி நின்ற பெயர்களைப் பார்த்தவர்கள் நாம். எந்த அரசும் தொடாத எத்தனையோ பெயர்களை, தவணைப் பணம் கட்ட மறந்தும், கடவுச்சொல்லைத் தொலைத்தும், தமக்குள் அடிபட்டும் நாமே இழந்திருக்கிறோம்.

நான் சொன்ன விதிகள் கொம், நெற், ஓர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கானவை. எல்கே என்றும், 2010 முதல் 'இலங்கை' என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் ஐகானின் மாற்றக் கொள்கை பொருந்தாது; அவற்றுக்கு உள்நாட்டுப் பதிவகத்தின் விதிகளே விதி. தமிழில் முடியும் முகவரி எனக்கும் பெருமைதான். ஆயினும் 2021 பெப்ரவரி 6ஆந் திகதி எல்கே பெயர்கள் சில தாக்குதலுக்குள்ளாகி, கூகிளின் இலங்கை முகவரிக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்தைக் கண்டார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பதிவகமே தாக்கப்படும்போது தனி உரிமையாளர் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் எவராவது எழும்பிக் கேட்க வேண்டும்: பெயர் எந்தப் பதிவாளரிடம் இருக்கிறது, எவர் பேரில் இருக்கிறது, தவணை எத்திகதியில் முடிகிறது. முன்பெல்லாம் இதை எவரையும் கேட்காமலே ஹூஇஸ் பதிவேட்டில் பார்க்கலாம். 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர் உரிமையாளரின் விபரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிடுகிறது. தனிமனிதருக்கு நல்லது, எமது சங்கங்களுக்கு இன்னொரு திரை. எனவே வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம்; பதிவாளரின் கணக்கைத் திரையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். தம்பியின் பேரில் இருந்தால், கோபிக்காமல், அவர் கட்டிய காசை மேசையில் வைத்துவிட்டுச் சங்கத்தின் பேருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சங்கத்தின் மின்னஞ்சல் அதே பெயரில் முடிவதாக இருக்கக்கூடாது. பெயர் விழுந்தால் மின்னஞ்சலும் விழும், மீட்புக் கடிதம் வந்து சேராது. கடை மாறுவதும் உங்கள் திட்டமென்றால், தவணை முடிய மூன்று மாதமாவது இருக்கும்போது தொடங்குங்கள். கடைசி நேரத்தில் தொடங்கி இடையில் பூட்டில் மாட்டியவர்கள், முடிந்த பெயரை மீட்க மேலதிகக் கட்டணமும் கட்டியிருக்கிறார்கள். தவணை முடிந்து அழிக்கப்பட்ட பெயருக்கு மீட்புக் காலம் 30 நாள், அதன்பின் ஐந்து நாள். ஆறாம் நாள் அது சந்தையில்.

குறியீடு கைக்கு வந்ததும் அதை நிர்வாக சபையின் வட்சப் குழுவில் போட்டுவிடாதீர்கள். பூட்டுத் திறந்திருக்கும் வேளையில் அந்தக் குறியீட்டைக் கண்ட எவரும் பெயரைத் தமது கடைக்குக் கொண்டுபோக முனையலாம். 2018க்குப் பிறகு, புதிய பதிவாளர் உரிமையாளரிடம் தனியாக எழுத்துச் சம்மதம் கேட்கும் பழைய நடைமுறை பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பது பழைய பதிவாளர் அனுப்பும் ஒரு மின்னஞ்சலும், அதை மறுப்பதற்கு ஐந்து நாட்களும். அந்த மின்னஞ்சல் எவருடைய பெட்டிக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள்.